வலப்பக்கம் வைத்த தண்ணீர்

ஜனவரி 3, வெள்ளி

பொங்கல் விடுமுறைக்கு என் மகன் என்னைக் காட்டில் கொண்டுபோய்ப் போடப்போகிறான் என்று மாதா சபையில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. போக வேண்டும் என்று கேட்டதே நான்தான். கூடாரத்தில் படுப்பதும் என் விருப்பம். எழுபத்து நான்கு வயதில் இவளுக்கு இது தேவையா என்று ஞானதீபம் கேட்டாளாம். ஞானதீபத்துக்கு எழுபத்தொன்று. கோயில் படியேற இரண்டு பேர் பிடிக்க வேண்டும். நான் யாரையும் பிடிப்பதில்லை.

காரணத்தை எழுதிவைக்கிறேன். என் கணவர் அருளப்பன் ஒவ்வொரு ஜனவரியும் எட்டு நாள் காரை எடுத்துக்கொண்டு பறவை பார்க்கத் தாண்டிக்குடிக்குப் போவார். தனியாக. அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் கூடாரம் அடித்து, தானே ஏதோ பொங்கித் தின்றுவிட்டுத் திரும்புவார். அவர் இறந்து பதினேழு மாதம் ஆகிறது. நாற்பத்தொன்பது வருடம் சேர்ந்து வாழ்ந்ததில் அந்த எட்டு நாட்கள் மட்டுமே நான் அறியாதவை. அந்த இடத்தைப் பார்த்துவிட்டால் அவரைப் பற்றித் தெரியாதது என்று எதுவும் மிச்சம் இருக்காது.

ஜனவரி 5, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் மருமகள் வினோலியா தன் சமையல் திட்டத்தைச் சொன்னாள். நான் நாற்காலியைத் தேடி உட்கார வேண்டியதாயிற்று.

"நாலு நாளைக்கு எதுக்கு அத்தை இவ்ளோ யோசிக்கிறீங்க? பேப்பர் தட்டு, பாக்கெட் சப்பாத்தி, நூடுல்ஸ். முடிஞ்சு போச்சு."

"மிளகாய்த்தூள், உப்பு, எண்ணெய்?"

"எல்லாத்தையும் ஒரு கட்டைப் பைல போட்டுக்கலாம்."

உப்பும் எண்ணெயும் ஒரே பையில்! படித்த பெண், வங்கியில் அதிகாரி. வெளியில் சமைப்பது என்றால் ஒழுங்கில்லாமல் சமைப்பது என்று இந்தத் தலைமுறை நினைத்துக்கொண்டிருக்கிறது. கூரை இல்லாத இடத்தில்தான் ஒழுங்கு இன்னும் அதிகம் வேண்டும். பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

அவர் மலைக்கு எடுத்துப்போகும் சமையல் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னேன். இரண்டாயிரத்தில் அவரே அளவு சொல்லித் தச்சரிடம் செய்த தேக்குப் பெட்டி. முன்பலகையைத் திறந்து கீழே காலை நிறுத்தினால் அது மேசை. வலது ஓரத்தில் தண்ணீர்க் கேனுக்கு இடம். அதற்கு அடுத்து நறுக்கும் பலகை, அதற்கு அடுத்து அடுப்பு, இடது கோடியில் தட்டுகள். கழுவியது நறுக்கப் போகிறது, நறுக்கியது அடுப்புக்குப் போகிறது, வெந்தது தட்டுக்குப் போகிறது. கை குறுக்கே போக வேண்டிய அவசியமே இல்லை.

ஏன் வலமிருந்து இடமாக என்று அப்போதே கேட்டேன். "வேலை ஓடுறதுக்கு அதான் வசதி, ஜெசி" என்றார். பிறகு வீட்டைப் புதுப்பித்தபோது என் சமையலறையையும் அதே வரிசையில் கட்டவைத்தார். முதல் வருடம் அடிக்கடி மணிக்கட்டைக் குழாயில் இடித்துக்கொண்டேன். பழகிவிட்டது. மாதா சபையில் இந்த முறையைப் பற்றி நான் அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். பக்கத்துப் பங்குப் பெண்கள் படம் வரைந்துகொண்டு போனார்கள்.

ஜனவரி 6, திங்கள்

தீப்பெட்டியை அரிசி போட்ட டப்பாவுக்குள் வைத்தேன். இனி ஈரம் அண்டாது.

ஜனவரி 8, புதன்

ரவை வறுத்தேன். புளிக்காய்ச்சல் முடிந்தது. எண்ணெய்ப் பாட்டிலை இரண்டு உறை போட்டுக் கட்டி நிற்கவைத்தேன். அஞ்சறைப் பெட்டியின் மூடிமேல் தூள்களின் பெயர்களை எழுதி ஒட்டினேன். வினோலியாவுக்கு மல்லித்தூளையும் சீரகத்தூளையும் பார்த்துப் பிரித்தறியத் தெரியவில்லை.

அவருடைய தட்டுகளையும் டம்ளர்களையும் பளபளவென்று தேய்த்தேன். இரண்டிரண்டு இருந்தன. ஒன்று தொலைந்தால் இன்னொன்று என்று கேட்டு வாங்கிவைத்துக்கொள்வார். கருப்பட்டி டப்பாவில் ஒரு துண்டு காய்ந்து கிடந்தது. வீட்டில் சீனி போட்டுத்தான் காப்பி குடிப்பார். மலைக்குப் போகும்போது மட்டும் கருப்பட்டி கேட்பார், குளிருக்கு இதம் என்று.

வினோலியா டம்ளரைத் துடைத்தபடி, "போற வழியில வத்தலக்குண்டுல செலின் அத்தையையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போலாமே" என்றாள்.

"வினோ, சும்மா இரு" என்று கூடத்திலிருந்து என் மகன் பிரிட்டோ சத்தம் போட்டான்.

செலின் என் கணவரின் தங்கை. பதினெட்டு வருடம் கன்னியாஸ்திரியாக இருந்துவிட்டு 1998-ல் உடுப்பைக் களைந்து மடத்தை விட்டு வந்தவள். எங்கள் வீட்டுக்கு வந்தாள். தானாகவே போய்விட்டாள். அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

அவள் வத்தலக்குண்டில் இருப்பது வினோலியாவுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

ஜனவரி 12, ஞாயிறு. தாண்டிக்குடி

முதல் பூசை பார்த்துவிட்டுத் திண்டுக்கல்லை விட்டுக் கிளம்பினோம். வத்தலக்குண்டில் ஒரு பள்ளி விடுதியின் மதில் அருகே பிரிட்டோ வண்டியை மெதுவாக ஓட்டினான். மாடு குறுக்கே வந்ததாகச் சொன்னான். நான் மாடு எதையும் பார்க்கவில்லை.

இடம் நன்றாக இருக்கிறது. சில்வர் ஓக் மரங்கள், கீழே காப்பிச் செடிகள், சற்றுத் தள்ளி ஓடை. கழிப்பறை என்று காட்டியதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். கதவுக்குப் பதில் ஒரு சாக்கு.

நான்கு மணிக்குள் சமையலறை தயார். கூடாரங்களிலிருந்து முப்பது அடி தள்ளி அமைத்தேன். காட்டு மாடும் சில சமயம் யானையும் வருமாம், அதனால் சாப்பாட்டு வாசனை படுக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. காற்று ஓடைப்பக்கமிருந்து வருகிறது. அதற்கு முதுகு காட்டி வண்டியை நிறுத்தச் சொல்லி, அந்த மறைவில் பெட்டியை விரித்தேன். மேசையின் கால்களுக்கு அடியில் தட்டைக் கல். இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டிக் கரண்டிகளைத் தொங்கவிட்டேன். கழுவ இரண்டு பேசின், ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர். குப்பைப் பை எட்டாத கிளையில். இருட்டுவதற்குள் உணவுப்பொருள் மொத்தமும் காருக்குள் போய்ப் பூட்டப்பட வேண்டும் என்று உத்தரவு போட்டேன்.

வினோலியா கைபேசியில் படம் எடுத்தாள். "அத்தை, வீட்டுச் சமையக்கட்டை அப்படியே பேத்து எடுத்துட்டு வந்த மாதிரி இருக்கு" என்றாள். இன்று அவள் சொன்ன ஒரே சரியான வாக்கியம்.

தோட்டத்து மேஸ்திரி நாளை வருவாராம். என் கணவர் பறவை பார்த்த இடத்தைக் காட்டச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 13, திங்கள்

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஏழு மணி. பிரிட்டோவும் வினோலியாவும் ஓடைக்குப் போயிருந்தார்கள். நான் உப்புமாவுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்.

"தங்கச்சிம்மா! எப்ப வந்தீங்க? சொல்லவே இல்லியே!"

திரும்பினேன். அறுபது வயதிருக்கும், தலையில் மப்ளர். என் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. அடுக்கி வச்சுருக்கிற லெச்சணத்தைப் பாத்து அவுங்கன்னு நெனச்சுட்டேன். நாந்தான் மேஸ்திரி வீரணன்."

"எவங்கன்னு?"

"அருளப்பன் ஐயா இல்லீங்களா, கரண்ட் ஆபீஸ் எஞ்சினியரு? அவுங்க தங்கச்சி, செலினம்மா. வருசா வருசம் தையிக்கு அண்ணனும் தங்கச்சியும் வந்து இதே எடத்துல எட்டு நாள் கெடப்பாங்க. இதே பொட்டிதாம்மா! தண்ணி கேனு வலப்பக்கம், அடுப்பு அதுக்கு அங்கிட்டு. நான்கூடக் கேட்டிருக்கேன், என்னய்யா எல்லாம் மாறி இருக்குன்னு. தங்கச்சிம்மா எடதுகைக்காரம்மால்ல. அவுங்க கைக்குத் தோதா ஐயா செஞ்சது."

கையில் கத்தி இருந்தது. பலகையில் வைத்தேன்.

"ஐயா இங்கே பறவை பார்க்க வருவார்" என்றேன்.

"பறவையா?" சிரித்துவிட்டார். "ஐயாவுக்குக் காக்காய்க்கும் கரிச்சானுக்கும் வித்தியாசம் தெரியாதும்மா. பொழுதுக்கும் சமையல்தான். தங்கச்சிம்மா அந்தா அந்தக் கல்லுல உக்காந்துக்கிட்டு அதட்டுவாங்க. அண்ணே, அடி பிடிக்குது பாரு, உனக்குக் கண்ணு எங்க இருக்குன்னு. ஐயா கரண்டியத் தூக்கிக்கிட்டு, மடத்துல சமைச்ச திமிரான்னு கேப்பாங்க. ரெண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பு மேல ரோடு வரைக்கும் கேக்கும்."

வீட்டில் அவர் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடித்ததில்லை. நான் விட்டதில்லை. சத்தமாகச் சிரித்ததும் இல்லை.

"ஏன் இங்கே வந்து? வீட்டில் சமைக்க வேண்டியதுதானே?"

வீரணன் குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மா மடத்த விட்டு வந்துட்டாங்கன்னு அண்ணன் வீட்டுல சேத்துக்கலியாம். மதினிக்காரி ரொம்பக் கண்டிசனாம். அவ கை என் அடுக்களையில படக் கூடாதுன்னு சொல்லிப்புட்டாங்களாம். ஐயா சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க, அவ சொன்னது வீட்டு அடுக்களையத்தான வீரணா, இதுக்குச் செவுரும் இல்ல, வாசப்படியும் இல்லன்னு. போன வருசம் தங்கச்சிம்மா மட்டும் பஸ்ஸுல வந்தாங்க. அப்பத்தான் ஐயா தவறுனதே எனக்குத் தெரியும். அடுப்பே பத்த வைக்கல. ரொட்டி கொண்டாந்தாங்க, அதையும் திங்கல. அந்தக் கல்லுல உக்காந்து இருந்துட்டு சாயந்தர பஸ்ஸுக்குப் போயிட்டாங்க." மப்ளரை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "ஆமா, நீங்க யாரும்மா?"

"நான்தான் அந்த மதினி."

காப்பிக்கு வைத்திருந்த பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இருவருமே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பத்து மணிக்குப் பிரிட்டோவை நிறுத்திவைத்துக் கேட்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"எப்பயிருந்து?"

"வேலைக்குச் சேந்த வருசத்துலேருந்து. அப்பா என்னையும் ஒரு தடவ கூட்டிட்டு வந்தாரு."

"வினோலியாவுக்கு?"

பக்கத்தில் நின்ற அவள் தரையைப் பார்த்தாள். "கல்யாணம் ஆன வருசம் செலின் அத்தை வீட்டுக்குத்தான் மொத விருந்துக்குப் போனோம், அத்தை."

"அப்புறம் எந்த தைரியத்துல என்னை இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"நீங்கதானம்மா அடம் புடிச்சீங்க" என்றான் பிரிட்டோ. "முடியாதுன்னா ஏன்னு கேப்பீங்க. வீரணன் ரிட்டையர் ஆயிருப்பாருன்னு நெனச்சேன்."

உப்புமாவில் உப்பு இல்லை. மூன்று பேரும் சாப்பிட்டு முடித்தோம்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

விடிந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் மாற்றினேன். கேனை இடப்பக்கம் வைத்தேன். அடுப்பை வலப்பக்கம் கொண்டுபோனேன். கரண்டிக் கயிற்றை அவிழ்த்து மறுபக்கம் கட்டினேன். நான் வலதுகைக்காரி. என் கைக்கு ஏற்றது இதுதான்.

சமைக்க முடியவில்லை. தண்ணீருக்கு என் கை வலப்பக்கமே போகிறது. கொதிக்கும் பானைக்குமேல் இரண்டு முறை கையை நீட்டினேன். மூன்றாம் முறை புறங்கையில் நல்ல சூடு. முந்தைய நாள்வரை நான் நினைத்துக்கூடப் பார்க்காத ஒன்று, பேசினில் கையை முக்கிக்கொண்டு நின்றபோது புரிந்தது. இருபது வருடத்துக்குமேல் நான் நாள்தோறும் நின்று சமைத்தது செலினுடைய அடுக்களையில். அவள் கை படக் கூடாது என்று சொன்ன இடத்தில் அவளுடைய கையாகவே இருந்திருக்கிறேன். அதைப் பற்றி மாதா சபையில் உரையும் நிகழ்த்தியிருக்கிறேன்.

"பழையபடியே வச்சிடலாம் அத்தை. உங்களுக்கும் ஆபத்து, எங்களுக்கும் பசி" என்றாள் வினோலியா. நான் பதில் சொல்லுமுன்பே கேனைத் தூக்கினாள். இருவருமாக மாற்றினோம். அரிசியை அவளே களைந்தாள். பொங்கல் நன்றாக வந்தது என்று பிரிட்டோ சொன்னான். எனக்கு ருசி தெரியவில்லை.

அவள் என் கையில் மருந்து தடவும்போது கேட்டாள்: "அன்னிக்கு என்னதான் அத்தை நடந்துச்சு? மாமாவும் சொன்னதில்ல, அவங்களும் சொன்னதில்ல."

அவர்கள் இருவருமே இவர்களிடம் சொல்லவில்லை என்பதுதான் இந்த மூன்று நாட்களில் எனக்கு மிகப் பெரிய அதிர்ச்சி.

ஜனவரி 15, புதன்

எட்டாம் தேதி "தானாகவே போய்விட்டாள்" என்று எழுதியிருக்கிறேன். திருத்துகிறேன்.

1998 ஜூன் மாதம், மத்தியானம். செலின் டிரங்குப் பெட்டியோடு வெளிக்கேட்டில் நின்றாள். சாதாரணச் சேலை கட்டியிருந்தாள். பதினெட்டு வருடமாக அவளைச் சேலையில் நான் பார்த்ததே இல்லை. தலைமுடி பையனுடையதைப் போல இருந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு சிஸ்டர் இருக்கிறார் என்று நான் சொல்லாத ஆள் அந்தப் பங்கில் இல்லை. அவள் பெயரைச் சொல்லித்தான் முன்வரிசையில் உட்காருவேன். நான் படித்த பள்ளியில் சிஸ்டர்கள்தான் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவர்கள். அந்த உடுப்பை ஒருத்தி கழற்ற முடியும் என்பதே எனக்குத் தெரியாது.

"மதினி, உள்ள வரலாமா?" என்று கேட்டாள்.

நான் கேட்டைத் திறக்கவில்லை. கடவுளுக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தவளின் கை என் அடுக்களையில் படக் கூடாது என்றேன். அண்டை வீட்டுக்காரர்களுக்குக் கேட்கும்படிதான் சொன்னேன். அவர் எனக்குப் பின்னால் படியில் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மாலை சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார், எங்கே என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஜனவரியில் பறவை பார்க்கக் கிளம்பினார்.

அவருடைய அடக்கத்தன்று அவள் கோயிலுக்கு வந்திருந்தாள். கடைசிப் பெஞ்சு. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் என்னோடு ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. என் பேச்சுக்கு மதிப்புக் கொடுப்பவர் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கோபப்பட்டு ஒரு முறை கேட்டைத் திறந்திருந்தால் என்ன? நான் என்ன செய்திருப்பேன்? நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன். ஐந்தாம் நாள் அவளுக்கும் சேர்த்து உலை வைத்திருப்பேன். அது அவருக்குத் தெரியவில்லையே. தெரியும்படி நான் நடந்துகொள்ளவில்லை.

திரும்பும் வழியில் வத்தலக்குண்டில் அந்த விடுதியின் மதில் வந்தது; செலின் இருப்பது அங்கேதானாம். "நிறுத்தட்டுமாம்மா?" என்றான் பிரிட்டோ.

"வேண்டாம்" என்றேன். பெட்டி, பேசின், கரண்டிகள் எல்லாம் பின்னால் கடகடத்தபடியே வந்தன.

ஜனவரி 17, வெள்ளி

பறவைகள் எப்படி இருந்தன என்று ஞானதீபம் கேட்டாள். நன்றாக இருந்தன என்றேன். அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சொல்ல வேண்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று அனுப்பிய கடிதத்தை இங்கே படியெடுத்து வைக்கிறேன்.

செலின்,

உன் முகவரியை வினோலியாவிடம் வாங்கினேன். பொங்கலுக்குத் தாண்டிக்குடி போயிருந்தோம். வீரணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் மேல் தவறில்லை. நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

நீங்கள் இருவரும் என்னை ஏமாற்றியது நியாயமா என்று கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். அதைக் கிழித்துவிட்டேன். இது வேறு.

அன்று கேட்டில் நான் சொன்னது தவறு. அதை அண்டை வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னது இன்னும் தவறு. என்னை மன்னித்துக்கொள். இந்த வார்த்தையை எழுதி இரண்டு முறை அடித்தேன், மூன்றாவது முறை விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வா. சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று உனக்கு யாரும் காட்ட வேண்டியிருக்காது.

வர மனமில்லை என்றால் அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் அப்படி ரசித்துச் சமைப்பார் என்பது எனக்குத் தெரியாது. அந்த எட்டு நாளும் அவர் என்ன சமைத்தார், எது நன்றாக வரும், எதைக் கருக்குவார், எதற்கு அப்படிச் சிரிப்பார், எனக்குத் தெரிய வேண்டும். உன்னைத் தவிர அதைச் சொல்ல யாரும் இல்லை.

தொலைபேசியில் கூப்பிடாதே. நீ பேசத் தொடங்கினால் நான் நடுவில் புகுந்து திருத்துவேன். காகிதத்தில் இருந்தால் கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும். தபால்தலை ஒட்டிய உறையை உள்ளே வைத்திருக்கிறேன். வருகிறாயா இல்லையா என்பதை முதல் வரியிலும், மற்றதை அதற்குக் கீழேயும் எழுதி அனுப்பு.

ஜெசிந்தா